ஈராக் வேலை, விசா, எமிகிரேஷன்: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துபாய், குவைத், சவுதி போவதற்கு மேலூரிலும் சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் தெருவுக்கு ஒருவர் வழி சொல்வார். ஈராக் அப்படி இல்லை. போய் வந்தவர்கள் குறைவு. "சம்பளம் டபுள், விசா ரெடி" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள். பாஸ்போர்ட், எமிகிரேஷன் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் மேசையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விசாக் கட்டணமும் விதிமுறையும் அடிக்கடி மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் டெல்லியில் உள்ள ஈராக் தூதரகத்தில் அன்றைய நிலவரத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா வந்துவிட்டது. டிக்கெட் போடலாமா?

பொறுங்கள். விசா என்பது ஈராக் அரசு "உள்ளே வரலாம்" என்று சொல்வது. வேலைக்குப் போகிறவருக்கு நம் அரசு "போகலாம்" என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்று தனியாக இருக்கிறது. அதுதான் எமிகிரேஷன் கிளியரன்ஸ். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, ஈ.சி.ஆர். (வேலைக்குப் போக இந்த அனுமதி தேவை என்று குறித்த) பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 நாடுகளில் எதற்காவது வேலைக்குப் போவதென்றால் இது கட்டாயம். சவுதி, குவைத், மலேசியா, தாய்லாந்து, லெபனான், லிபியா, சிரியா, சூடான், ஏமன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, ஈராக்கும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை வழங்குவது சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம். விண்ணப்பம் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகத்தான் போகும். ஏஜென்ட் பதிவு பெற்றவர் என்றால் அவரே செய்து தருவார். "அதெல்லாம் எதுக்கு, நேரா ஏர்போர்ட்டுக்கு வாங்க" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் பதிவு இல்லை என்றுதான் பொருள்.

என் பாஸ்போர்ட் ஈ.சி.ஆரா இல்லையா, எப்படித் தெரியும்?

ஈ.சி.ஆர். என்றால் பாஸ்போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கும். எதுவும் அச்சிடவில்லை என்றால் ஈ.சி.என்.ஆர்., அதாவது அனுமதி தேவையில்லாதது. பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று கொடுக்காதவர்களுக்குத்தான் ஈ.சி.ஆர். வரும். பத்தாவது முடித்திருந்தும், விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் வைக்காததால் ஈ.சி.ஆர். வாங்கியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் அதை எடுத்துவிடலாம். மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகரில் தொடங்கி நெல்லை, குமரி வரை எல்லோருக்கும் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் மதுரை பாரதி உலா சாலையில் இருப்பதுதான்.

நான் ஈ.சி.என்.ஆர். அப்படியென்றால் எதுவும் தேவையில்லை, சரிதானே?

கட்டாயம் இல்லை என்பது சரி. ஆனால் ஈராக் போன்ற நாட்டுக்கு, விருப்பத்தின் பேரில் இ-மைக்ரேட்டில் பதிந்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று கீழே 2014 மோசூல் கடத்தல் பற்றிய பதிலில் தெரியும்.

நர்ஸ்களுக்கு இதில் விலக்கு கிடையாது. 2015 முதல் இந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ், ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் கிளியரன்ஸ் வாங்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வழி, அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978 முதல் இயங்குகிறது, அலுவலகம் சென்னையில்.

விசிட் விசாவில் போய் இறங்கிவிட்டு, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறாரே ஏஜென்ட்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இந்தப் பேச்சு இரண்டு விதமாக வரும். ஒன்று, நேராக ஈராக்குக்கு விசிட் அல்லது ஜியாரத் (புனிதத் தல யாத்திரை) விசா. இரண்டாவது, முதலில் துபாய்க்கு விசிட் விசா, அங்கே சில நாள் ஒரு ரூமில், பிறகு அங்கிருந்து ஈராக். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டுக்காரர் வேலைக்கு அல்லாமல் சுற்றிப்பார்க்கப் போவதற்குக் கிளியரன்ஸ் தேவையில்லை. அந்த ஓட்டையில்தான் ஆளை அனுப்புகிறார்கள். "ஆபீசர் கேட்டா சித்தப்பாவைப் பார்க்கப் போறேன்னு சொல்லு" என்று பாடமும் நடத்துவார்கள். கையில் துணிப்பையும் கொத்தனார் கரண்டியுமாகப் போகிறவரை எமிகிரேஷன் அதிகாரி இரண்டு கேள்வி கேட்டால் போதும், விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடுவார். திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு நடந்தது நல்லதுதான்.

தப்பித் தவறிப் போய்விட்டவர் கதை வேறு. அங்கே அவர் சட்டப்படி வேலைக்காரரே அல்ல. சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்க ஒப்பந்தம் கிடையாது. விசா தேதி முடிந்த நாளிலிருந்து அபராதம் ஏறும். அதைக் கட்டி வெளியேறும் அனுமதி வாங்காமல் ஊருக்கு வர முடியாது. இது தெரிந்த முதலாளி பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார். இந்தியாவில் யார் ஏட்டிலும் இவர் ஈராக்கில் இருப்பதாகப் பதிவு இல்லை. துபாய் வழியாகப் போனவர் என்றால் நம் கணக்கில் அவர் இன்னும் துபாயில்தான் இருக்கிறார்.

வேலை விசாவின் வழி இதற்கு நேர்மாறு. ஈராக்கில் உள்ள கம்பெனி அங்கே உங்கள் பெயரில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகுதான் விசா. போய் இறங்கியதும் இரத்தப் பரிசோதனை, பிறகு தங்கும் உரிமம், நம் ஆட்கள் இக்காமா என்பது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். "ஒரு வாரத்தில் பறந்துடலாம்" என்ற வார்த்தை வந்தாலே சந்தேகப்படுங்கள்.

2014-ல் ஈராக்கில் என்ன நடந்தது? அது பழைய கதைதானே?

பழைய கதைதான். ஆனால் இன்றைய எச்சரிக்கைகளில் சில அந்த மாதிரிச் சம்பவங்களால் வந்தவை.

2003-ல் அமெரிக்கப் படையெடுப்பு. மறு ஆண்டே, குவைத் கம்பெனி ஒன்றுக்காக ஈராக்கில் லாரி ஓட்டிய இந்தியர் மூவர் பிணைக் கைதிகளாகப் பிடிபட்டார்கள். பல வாரங்களுக்குப் பிறகுதான் உயிரோடு மீண்டார்கள். அதை ஒட்டி ஈராக்குக்கு வேலைக்குப் போக நம் அரசு தடை போட்டது. அந்தத் தடை பல ஆண்டுகள் நீடித்தது. அது விலகி ஆட்கள் மறுபடி போகத் தொடங்கிய நிலையில், 2014 ஜூனில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு வடக்கு ஈராக்கின் மோசூல் நகரைப் பிடித்தது.

அங்கே கட்டுமான வேலையில் இருந்த இந்தியர் 40 பேர் கடத்தப்பட்டார்கள். ஒருவர் தப்பினார். மற்ற 39 பேர், பஞ்சாப், இமாசலம், பீகார், மேற்கு வங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் அந்த வீடுகள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தன. 2018 மார்ச் 20 அன்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் மரணத்தை உறுதி செய்தார். மோசூலுக்கு அருகே பாதுஷ் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டி, உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். உடல்களைக் கொண்டுவரப் போன இணை அமைச்சர் வி.கே.சிங், இந்த 40 பேர் ஈராக் போனதற்கு எந்தத் தூதரகத்திலும் பதிவு இல்லை, பதிவு பெறாத ஏஜென்ட் மூலம் போயிருக்கிறார்கள் என்று சொன்னார்.

அதே மாதங்களில் திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கினார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் மலையாளிகள்; நம் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் அதில் இருந்தார். அவர்கள் யார், எந்த ஆஸ்பத்திரி, எந்த போன் எண் என்று எல்லாம் தெரிந்திருந்தது. தூதரகம் நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தது. 2014 ஜூலை 5 அன்று எர்பிலிலிருந்து தனி விமானத்தில் கொச்சி வந்து சேர்ந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நேர்ந்த கதி வேறானதற்குப் பதிவு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்; யார் கையில் சிக்கினார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதும் உண்டு. ஆனாலும் ஆபத்தான நாட்டுக்குப் போகிறவர் கையில் எடுத்துப் போகிற காகிதத்தை விட, இந்தியாவில் விட்டுவிட்டுப் போகிற பதிவு முக்கியம். விசா பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள் இதைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை.

இப்போது ஈராக் முழுவதும் ஆபத்தா?

ஒரே மாதிரி இல்லை. பயண எச்சரிக்கையைத் தளர்த்தியபோதும் நினிவே, சலாஹுத்தீன், தியாலா, அன்பார், கிர்குக் ஆகிய ஐந்து மாகாணங்களைத் தவிர்க்கும்படி நம் வெளியுறவு அமைச்சகம் சொன்னது. மோசூல் இருப்பது நினிவேயில், திக்ரித் சலாஹுத்தீனில். நம் ஆட்கள் அதிகம் வேலை செய்வது பஸ்ரா எண்ணெய்க் களங்கள், கர்பலா, நஜஃப், வடக்கே எர்பில் பக்கம். ஒப்பந்தத்தில் "ஈராக்" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த ஊர், எந்த சைட் என்று எழுதி வாங்குங்கள்.

எர்பில் விசா என்று ஒன்று சொல்கிறார்கள். அது வேறா?

வேறுதான். எர்பில் குர்திஸ்தான் தன்னாட்சிப் பகுதியின் தலைநகரம். அந்தப் பகுதி தனியாக விசா கொடுத்து வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பாக்தாத், பஸ்ரா போக முடியாது. வழியில் சோதனைச் சாவடியில் பிடித்தால் சட்டவிரோதமாக நுழைந்தவர் கணக்குதான். வேலை பஸ்ராவில், விசா எர்பிலுக்கு என்று தந்தால் வாங்காதீர்கள். இந்தியாவுக்கு பாக்தாத்தில் தூதரகமும் எர்பிலில் துணைத் தூதரகமும் இருக்கின்றன.

வாட்ஸ்அப்பில் விசா காப்பி அனுப்பினார்கள். நிஜமா என்று எப்படிப் பார்ப்பது?

போன் திரையில் பார்க்காதீர்கள், பிரிண்ட் எடுங்கள். முதலில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும். ஓர் எழுத்து தவறினாலும் அங்கே இறங்க முடியாமல் போகலாம். அடுத்து விசா வகை. பேச்சு வெல்டர் வேலை, தாளில் "வருகை" என்றோ "யாத்திரை" என்றோ இருக்கும். பெரும்பாலான மோசடி இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். பிறகு அழைக்கும் கம்பெனியின் பெயர். ஆஃபர் லெட்டரில் ஒரு கம்பெனி, விசாவில் இன்னொன்று, ஏஜென்ட் வாயில் மூன்றாவது என்று இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

தாள் அரபியில் மட்டும் இருந்தால் வெட்கப்படாமல் ஒரு மதரஸா ஆலிமிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருவர் இப்படி எடுத்துக்கொண்டு காஜிமார் தெருப் பக்கம் போனார். மூன்று மாத ஒப்பந்தம் என்று நம்பியிருந்த தாளில், அது வெறும் ஹோட்டல் முன்பதிவு என்று படித்துச் சொன்னார்கள். பணம் அதற்கு முன்பே கை மாறியிருந்தது.

கடைசியாக, அந்த விசா எண்ணை டெல்லி ஈராக் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத தொகை.

பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டால் ஏஜென்ட் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று எல்லாம் வரும். பெரிய ஏஜென்சி 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்டித்தான் உரிமம் வாங்குகிறது. சிறியவர்களுக்கு 8 லட்சம். பிரச்சினை வந்தால் அரசு கை வைக்கக்கூடிய பணம் அது. மாட்டுத்தாவணி டீக்கடையில் கவர் வாங்கிக்கொள்ளும் சப்-ஏஜென்டிடம் கை வைக்க என்ன இருக்கிறது? பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் 1983 சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஆம், இரண்டாயிரம்தான். ஒருவரிடம் வாங்கும் கமிஷனில் அது ஒரு மூலைக்குக் காணாது. அதனால் போலீசில் புகார் எழுதும்போது மோசடிப் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

ஈ.சி.ஆர். காரர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். தனியார் பயணக் காப்பீட்டில் போர் தொடர்பான சேதத்துக்குப் பணம் இல்லை என்ற வரி பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். ஈராக்குக்கு அந்த வரிதான் முக்கியம், தேடிப் படியுங்கள்.

வேலைக்கு இல்லை, ஜியாரத்துக்குப் போகிறோம். இதெல்லாம் எங்களுக்கும் உண்டா?

எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேண்டாம். பாக்தாத்தில் முஹ்யித்தீன் ஆண்டவர் தர்கா, கர்பலா, நஜஃப் என்று குழுவாகப் போகிறவர்கள் குழுவை விட்டுப் பிரியக் கூடாது, தேதி தாண்டி ஒரு நாள் கூடத் தங்கக் கூடாது. குழுவில் முன்பின் தெரியாத இளைஞர்கள் நாலைந்து பேர் திடீரென்று சேர்ந்தால் நடத்துபவரிடம் விசாரியுங்கள். யாத்திரை விசாவில் கூலியாட்களைக் கலந்து அனுப்புவதும் நடக்கிறது. அவர்கள் அங்கே நழுவிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது மொத்தக் குழுவும்தான்.

ஜெருசலேம் யாத்திரை போய் வந்திருக்கிறேன். ஈராக் போக முடியுமா?

இஸ்ரேல் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, தனிச் சீட்டுதான் தருகிறது. பழைய முத்திரை இருந்தால் ஈராக்கில் சிக்கல். புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, விசாவே வேண்டாம் என்கிறார்கள். அது பத்திரமான நாடுதானே?

தாய்லாந்து பத்திரமான நாடுதான். உங்களை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். பாங்காக்கில் இறக்கி, காரில் மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. அங்கே ஆயுதக் குழுக்களின் காவலில் இருக்கும் கட்டடங்களில் உட்கார வைத்து ஆன்லைன் மோசடி செய்யச் சொல்வார்கள். மறுத்தால் அடி, கரண்ட் ஷாக். 2022 முதல் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். பட்டம் படித்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். என்பதால் விமான நிலையத்தில் நிறுத்த ஆளில்லை.

போகவே கூடாது என்று தடை செய்த நாடு உண்டா?

ஏமன். 2017 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டில் அங்கே போகத் தடை. மரண தண்டனை பெற்ற மகளைப் பார்க்க ஒரு தாய் போக வேண்டியிருந்தபோதும் டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றுதான் அனுமதி கிடைத்தது. "ஓமன் வழியாக உள்ளே அனுப்புகிறேன்" என்பவரை நம்பிப் போனால் பாஸ்போர்ட்டே முடக்கப்படலாம்.

போய் இறங்கியதும் முதல் வேலை என்ன?

சிம் கார்டு. அடுத்தது, பாக்தாத் தூதரகத்தில் உங்கள் பெயர், கம்பெனி, தங்குமிடம், போன் எண்ணைப் பதிவது. எர்பில் பக்கம் என்றால் துணைத் தூதரகத்தில். சைட் மாறினால் மறுபடி சொல்லுங்கள்.

வீட்டில் என்ன வைத்துவிட்டுப் போக வேண்டும்?

பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், ஏஜென்ட் ரசீது, டிக்கெட். இவற்றின் நகல் ஒரு செட் வீட்டில், இன்னொரு செட் படித்த ஒருவரிடம். கூட வேலை செய்யும் ஒருவரின் எண்ணும் வீட்டில் இருக்கட்டும். "மகன் ஈராக்கில் இருக்கான், கம்பெனி பேர் தெரியாது" என்று வரும் அம்மாக்களிடம் முதலில் கேட்பது பாஸ்போர்ட் எண்ணைத்தான். அதுவும் இல்லாவிட்டால் மனுவில் எழுத ஒன்றுமே இருக்காது. பழைய பாஸ்போர்ட் நகலோ, ரேஷன் கார்டுக்குப் பின்னால் மகன் கிறுக்கி வைத்த எண்ணோ கிடைத்தால் அன்று பாதி வேலை முடிந்த மாதிரி.

சிக்கிக்கொண்டால் மதுரையிலிருந்து யாரிடம் போவது?

ஒரே நேரத்தில் மூன்று இடம். ஆன்லைனில் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளம். அதில் வரும் புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். போனில் 1800 11 3090, வெளிநாட்டு இந்தியர் உதவி மையம், கட்டணம் இல்லை. நேரில், கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு. அது சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்குப் போகும். திரும்ப டிக்கெட்டுக்கு வழியில்லாதவருக்குத் தூதரகம் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவ முடியும். இறந்தவர் உடலைக் கொண்டுவரவும் அந்த நிதி உண்டு. நாள் கடந்தும் ஒன்றும் நகராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து டிக்கெட் போட்ட பிறகு சண்டை மூண்டால்?

2025 ஜூனில் அப்படித்தான் ஆனது. இஸ்ரேல், ஈரான் மோதலில் ஈராக் தன் வான்வெளியையே மூடியது. விமானக் கம்பெனியே ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பி வரும். நீங்களாக ரத்து செய்தால் டிக்கெட் வகையைப் பொறுத்தது. அதனால் விலை சற்றுக் கூடினாலும் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டே எடுக்கச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து துபாய் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஈராக்குக்குத் தனி டிக்கெட் என்று இரண்டாகப் போட்டிருந்தால், பின்னது ரத்தானாலும் முன்னதுக்குப் பணம் வராது. இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடச் சொல்லுங்கள்.